பெல்லட்டுக்கு முன்னால் தராசு வாங்குங்கள்

கிண்ணம் நிறையத் தீனி இருக்கும்போதே பட்ஜி என்ற சின்னக் கூண்டுக்கிளி பட்டினியில் சாகும். இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டு நீலப் பெட்டை இன்றைக்கும் ஊஞ்சலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். தினையை எடுத்துவிட்டு பெல்லட் என்ற உருண்டைத் தீனியை வைத்த மூன்றாம் நாள் காலையில் அது கூண்டின் தரையில் கிடந்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. மார்பெலும்பு கத்தி விளிம்புபோல விரலில் தட்டியது. கிண்ணத்தில் பெல்லட் ததும்பிக்கொண்டிருந்தது. தீனியை மாற்றுவது என்றால் பழையதை எடுத்துப் புதியதை வைப்பதுதானே என்று நினைத்ததன் விலை அது. அதற்கப்புறம் நான்கு மாதம் ஆனது, கையிலிருந்து மொத்தம் 9,230 ரூபாய் போனது. அதில் 5,900 ரூபாய் வீண். எது எதற்குப் போனது என்று நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பறவை வளர்ப்பவர்கள் அதே காசை மறுபடி தொலைக்க வேண்டாம்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர்க் கடைகளில் பட்ஜியை "லவ் பேர்ட்ஸ்" என்றுதான் விற்கிறார்கள். உண்மையான லவ் பேர்டுக்கு "ஆப்பிரிக்கன்" என்று பெயர். பட்ஜி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சிறு கிளி, எடை 30 முதல் 40 கிராம். ஆப்பிரிக்கன் 45 முதல் 60 கிராம், காக்டெயில் என்கிற கொண்டைக்கிளி 80 முதல் 100 கிராம். அலகின் அளவு மூன்றுக்கும் வேறு, ஆகவே பெல்லட்டின் அளவும் வேறு. "லவ் பேர்ட்ஸுக்குக் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்பது அவர் உங்கள் பறவையை என்னவென்று நினைத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. பறவையின் புகைப்படத்தை செல்போனில் காட்டிக் கேட்பது நல்லது. நம் ஊர்ப் பச்சைக்கிளியை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றம், அதற்கு எந்த பெல்லட் என்ற கேள்வியே எழாது.

வீட்டில் நான்கு பட்ஜி, இரண்டு காக்டெயில். இரண்டு வருடமாகத் தினை, சாமை, கொஞ்சம் கம்பு, ஒரு பிடி சூரியகாந்தி விதை, கூண்டில் கொறிக்க ஒரு கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு). இதுதான் மொத்தச் சாப்பாடு. பறவைகள் பளபளவென்றுதான் இருந்தன. பிறகு பச்சை ஆண் பட்ஜி மூச்சு விடும்போது "டிக் டிக்" என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. தின்றதைக் கக்கியது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. சளி என்று நினைத்து ஒரு வாரம் போக்கினோம். கால்நடை மருத்துவமனையில் மாடு, ஆடு, கோழி பார்க்கிற மருத்துவர் "இதுக்குப் பறவை டாக்டர்தான் வேணும், பெங்களூரு போயிடுங்க" என்று நேர்மையாகச் சொன்னார். ஓசூர் தாண்டி பஸ், ஆட்டோ, மருத்துவர் கட்டணம், பரிசோதனை எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். வந்திருந்தது தைராய்டு வீக்கம். காரணம் அயோடின் பற்றாக்குறை. வெறும் தானியத்தில் வளரும் பட்ஜிகளுக்கு இது பழைய வியாதியாம். வீங்கிய சுரப்பி மூச்சுக்குழாயையும் கழுத்தடியில் உள்ள தீனிப்பையையும் அழுத்துவதால்தான் அந்தச் சத்தம், அந்த வாந்தி.

தானியத்தில் என்ன குறை என்று அங்கே விளக்கமாகச் சொன்னார்கள். வைட்டமின் ஏ ஏறக்குறைய கிடையாது, கால்சியம் குறைவு, அயோடின் குறைவு, உடம்பு கட்டத் தேவையான சில அமினோ அமிலங்களும் குறைவு. சூரியகாந்தி விதையில் மட்டும் கொழுப்பு ஏராளம். வைட்டமின் ஏ குறைந்தால் வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் வரும், மூக்கு அடைக்கும், அடிக்கடி தும்மும். கால்சியம் குறைந்தால் பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். கொழுப்பு கூடினால் கல்லீரல் கெடும். அதன் அடையாளம் அலகு கிடுகிடுவென நீளமாக வளர்வதும், அலகில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிவதும். எங்கள் பெரிய காக்டெயிலின் அலகை "வயசானா அப்படித்தான் வளரும்" என்று விட்டுவைத்திருந்தோம்! பல தானியங்களைக் கலந்து வைத்தாலும் குறை தீராது. பறவை பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளும். எல்லாச் சத்தையும் ஒரே உருண்டையில் அடைத்த பெல்லட்டின் பலன் இங்கேதான். பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்ன முடியாது.

மருத்துவர் அயோடின் சொட்டு எழுதிக் கொடுத்தார், "மெதுவா பெல்லட்டுக்கு மாத்துங்க" என்றார். மெதுவாக என்றால் எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு ஊரிலேயே ஒரு கடையில் பெல்லட் வாங்கினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை உருண்டைகள், வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டியது, கிலோ 260 ரூபாய். "எல்லாப் பறவையும் தின்னும் சார்." கவரில் பெயர் இல்லை, தேதி இல்லை, சேர்மானம் இல்லை. கூடவே "சத்து மருந்து" என்று 190 ரூபாய்க்கு ஒரு வைட்டமின் சொட்டும் கொடுத்தார். பிற்பாடு பெங்களூரில் அந்த உருண்டையை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இது மீன் தீவனம் என்றார்கள். கருவாட்டு வாடை எங்களுக்கும் முதல் நாளே அடித்தது. சத்தின் வாடை என்று எண்ணிக்கொண்டோம்.

உதிரியாக விற்கும் பெல்லட்டைச் சோதிக்க வீட்டிலேயே சில வழிகள் உண்டு. நசுக்கி முகருங்கள். கிளி பெல்லட்டில் சோள மாவு வாடையோ பழ வாடையோதான் வரும். கருவாட்டு வாடை அடித்தால் மீன்தூள் சேர்ந்தது. சிக்கெடுத்த எண்ணெய் வாடையோ பூசண வாடையோ வந்தால் பழையது. நான்கு உருண்டையைத் தண்ணீரில் போடுங்கள். கிளி பெல்லட் கொஞ்ச நேரத்தில் ஊறிக் கூழாகும். மீன் தீவனம் குளத்தில் கரையாமல் மிதக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது, வெகுநேரம் உருவம் மாறாது. கோழித் தீவனத்தைக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் நம் பக்கம் நிறைய. நாமக்கல் அருகில் இருப்பதால் அது மலிவாகவும் கிடைக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். தினமும் ஒரு முட்டை ஓடு கட்டுகிற உடம்புக்கான கணக்கு அது. கிளி பெல்லட்டில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்த அதிகக் கால்சியம் பட்ஜியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் நோய்க்கான மருந்து கலந்திருப்பது சகஜம். இரண்டுமே வேண்டாம். சேர்மானப் பட்டியலும் காலாவதித் தேதியும் அச்சிட்ட, ஒட்டு பிரிக்காத பாக்கெட் தவிர வேறு எதையும் இப்போது தொடுவதில்லை.

சரி, அந்த மூன்று நாள். ஏப்ரல் மாதம், தருமபுரி வெயில். காலையில் தினைக் கிண்ணத்தை எடுத்தோம், பெல்லட்டை வைத்தோம். பறவைகள் கிண்ணத்துக்கு வந்தன, அலகால் கிளறின, உருண்டைகளைத் தூக்கி எறிந்தன, கொறித்ததுபோலவும் தெரிந்தது. "கிண்ணத்துகிட்டயேதானே இருக்குது, தின்னுட்டுத்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சமாதானம் ஆனோம். உண்மையில் எதுவும் உள்ளே போகவில்லை. பட்ஜிக்கு உணவு என்றால் உமியுள்ள சிறு மணி. நாக்கால் உருட்டி, அலகால் உமியை உரித்து, உள்ளிருப்பதை விழுங்குவது. குஞ்சாக இருக்கும்போதே பெற்றோரிடம் கற்ற வேலை அது. உரிக்க எதுவும் இல்லாத உருண்டை அதன் கணக்கில் கல். பசித்தால் தானாகத் தின்னும் என்பது நாய்க்குச் சரியாக இருக்கலாம். 35 கிராம் உடம்பில் சேமிப்பு ஒன்றும் கிடையாது, ஒன்றிரண்டு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து.

கவனித்திருந்தால் மூன்று இடத்தில் தெரிந்திருக்கும். முதலாவது எச்சம். நன்றாகத் தின்னும் பட்ஜி ஒரு நாளில் சுமார் நாற்பது முறை எச்சமிடும். பச்சையோ பழுப்போ சுருளாக ஒரு பாகம், வெள்ளையாக ஒரு பாகம், சுற்றிலும் கொஞ்சம் நீர். பட்டினி கிடந்தால் எண்ணிக்கை குறையும், சுருள் மெலிந்து கரும்பச்சையாகப் பசைபோல ஒட்டும். கூண்டுத் தட்டில் செய்தித்தாள் விரித்து தினமும் மாற்றினால் ஒரே பார்வையில் தெரியும். மணலோ மரத்தூளோ போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது தீனிப்பை. பொழுது சாயும் நேரம் பறவையைக் கையில் பிடித்துக் கழுத்துக்குக் கீழே, மார்பின் மேல்புறம் விரலால் மெல்லத் தொட்டால் தின்ற தீனி சிறு மூட்டைபோல நிரடும். தொளதொளவென்று ஒன்றுமில்லாமல் இருந்தால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூன்றாவது, எல்லாவற்றிலும் நிச்சயமானது, எடை. இந்த மூன்றையும் பெட்டை செத்த பிறகு, மீதி ஐந்தையும் அட்டைப் பெட்டியில் வைத்து வாடகைக் காரில் பெங்களூரு கொண்டுபோனபோது தெரிந்துகொண்டோம். அந்தப் பயணம் 4,200 ரூபாய். போன அன்றே மருத்துவர் தினையை மறுபடி வைக்கச் சொன்னார், ஐந்தும் பிழைத்தன.

அடுத்தது சரியான பாக்கெட் வாங்குவது. இதிலும் தோற்றோம், இம்முறை தமிழால். பெல்ஜியத்தின் வெர்செலே லாகா கம்பெனி நியூட்ரிபேர்ட் என்று பெல்லட் விற்கிறது. பட்ஜிக்கும் சிறு கிளிகளுக்கும் பி14, காக்டெயில் மாதிரி நடுத்தரப் பறவைகளுக்கு ஜி14, பெரிய கிளிகளுக்கு பி15. எண் புரதச் சதவீதம். முதல் பி, பட்ஜியின் பி. கடைசி பி, பேரட்டின் பி. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்து, நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். போனில் ஆர்டர் கொடுத்தோம், கொண்டைக்கடலை பருமனுள்ள உருண்டைகள் ஒரு கிலோ வந்து இறங்கின, 1,250 ரூபாய். பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். மிக்ஸியில் போட்டு உடைத்தால் பாதி மாவாகிறது. பட்ஜி அந்த மாவைத் தொடவில்லை. அமெரிக்கத் தயாரிப்பான ஜூப்ரீம் பாக்கெட்டில் பறவையின் படமும் அளவும் முன்பக்கமே போட்டிருக்கும், அதிலும் பட்ஜிக்கு ஸ்மால், காக்டெயிலுக்கு மீடியம் என்று பார்த்து எடுக்க வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் வாட்ஸ்அப்பில் பாக்கெட்டின் படம் அனுப்பி "இதுவே தானா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது நிறைய இல்லை. "முழு உணவு" என்ற பொருளில் எழுதியிருக்க வேண்டும். "துணை உணவு" என்றிருந்தால் அது தின்பண்டம். குஞ்சு பொரிக்காத சாதாரண நாட்களுக்குப் புரதம் 12 முதல் 15 சதவீதமும், கொழுப்பு நான்கு முதல் ஆறு சதவீதமும் போதும். பொரிப்புக்கால பெல்லட் என்று 19, 20 சதவீதப் புரதத்தில் விற்பதை வருடம் முழுக்கக் கொடுக்கக் கூடாது. சேர்மானப் பட்டியலின் முதல் சில பொருட்களுக்குள் சர்க்கரை வந்தால் வாங்காதீர்கள். நிறம் சேர்த்ததா, சேர்க்காததா என்று பெரிய விவாதமே உண்டு. எங்கள் கருத்து நிறம் இல்லாதது. சிவப்பு பெல்லட் தின்ற பறவையின் எச்சம் சிவப்பாக வரும், ரத்தம் என்று பதறுவோம். நிஜமாக ரத்தம் வந்த நாளில் பெல்லட் நிறம் என்று சும்மா இருந்துவிடுவோம். இன்னொன்று, பெல்லட்டில் வைட்டமின் ஏற்கெனவே அளந்து சேர்த்திருக்கிறது. அதற்கு மேல் தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடக் கூடாது. வைட்டமின் டி கூடினால் கால்சியம் சிறுநீரகத்தில் படியும். கடையில் கூடவே தள்ளிவிட்ட அந்த 190 ரூபாய் பாட்டில் குப்பைக்குப் போனது.

கடைசியில் பி14 ஒன்றும் ஜி14 ஒன்றும் சிறு அளவில், இரண்டும் சேர்த்து 980 ரூபாய்க்கு வந்தன. ஆனால் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் தராசு வாங்கினோம். நகை எடை பார்க்கிற கையடக்க டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் துல்லியம், 450 ரூபாய். சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். 34 கிராம் பறவைக்கு ஒரு கிராம் என்பது மூன்று சதவீதம், அந்த இடைவெளிக்குள் ஆபத்து ஒளிந்துகொள்ளும். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் காற்றுக்குத் துளை போட்டு, டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பறவையை உள்ளே விட்டு எடை பார்ப்பது. தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன். நேரம் மாறினால் எண் மாறும். மாலையில் தீனிப்பை நிறைந்த பட்ஜி ஒன்றிரண்டு கிராம் கூடவே காட்டும்.

முதல் வாரம் தீனியை மாற்றவே இல்லை, எடையை மட்டும் எழுதினோம். ஏழு நாள் சராசரிதான் அந்தப் பறவையின் எடை. அதில் ஐந்து சதவீதம் குறைந்தால் மாற்றத்தை அங்கேயே நிறுத்தி, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பத்து சதவீதம் குறைந்தால் முழுக்கத் தினைக்கே போய், மருத்துவரிடம் பேச வேண்டும். 34 கிராம் பறவைக்கு முதல் கோடு 32.3, இரண்டாவது கோடு 30.6. இந்த இரண்டு எண்களையும் பறவைக்குப் பறவை தினசரி காலண்டரில் எழுதி வைத்தோம்.

இரண்டாம் வாரம், நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருக்கும் பழக்கத்தை நிறுத்தினோம். ஒரு பட்ஜி ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி தினை தின்னும். அதைக் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்குமாகப் பிரித்தோம். இடையில் சிறிய கிண்ணத்தில் பெல்லட் சும்மா இருக்கும், தின்ன வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல். கிண்ணத்தை தினமும் ஊதிப் பாருங்கள். தினைக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோலவே தெரியும், ஊதினால் எல்லாம் பறந்துவிடும், அத்தனையும் உமி. பெல்லட் வேண்டாம், தினையே போதும் என்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

மூன்றாம் வாரம் பெல்லட்டை மிக்ஸியின் சின்ன ஜாரில் மாவாக்கினோம். நான்கு கரண்டி தினையில் ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, அரைக் கரண்டி மாவைத் தூவிக் கலந்தால் ஒவ்வொரு மணியின் மேலும் மாவு ஒட்டிக்கொள்ளும். உமி உரிக்கும்போது மாவின் ருசி நாக்கில் படும். ஊரிலேயே கற்ற பாடம் ஒன்று: ஈரம் பட்ட தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரமே அதிகம், புளித்துவிடும், எறும்பும் வந்துவிடும். நான்காம், ஐந்தாம் வாரங்களில் மாவுக்குப் பதில் ரவை பருமனுக்கு உடைத்து, மூன்று பங்கு தினைக்கு ஒரு பங்கு. ஆறாம், ஏழாம் வாரம் பாதிக்குப் பாதி. எட்டாம் வாரம் முதல் காலையில் உடைக்காத பெல்லட் மட்டும் இரண்டு மணி நேரம், பிறகு தினை. காலையில்தான் பசி அதிகம், புதியதை அப்போதுதான் தொடும்.

இந்த வரிசை காகிதத்தில் இருப்பதுபோல நடக்காது. மஞ்சள் பட்ஜி ஐந்தாம் வாரமே பெல்லட்டைக் கடித்துத் தூளாக்கியது, தூளாக்குவது விழுங்குவது ஆகாது என்று தராசு சொன்னது, 33.8-இலிருந்து 32-க்கு இறங்கியது. ஒரு படி பின்னால் போய்ப் பத்து நாள் காத்திருந்தோம். அதற்குப் பலன் தந்தது முகம் பார்க்கும் கண்ணாடி. மேசையில் கண்ணாடியைப் படுக்க வைத்து அதன் மேல் நான்கைந்து பெல்லட்டையும் சில தினை மணிகளையும் தூவினால், எதிரே இன்னொரு பறவை கொத்துவதாக நினைத்துப் போட்டிக்குக் கொத்தும். தரையில் மேய்கிற இனம் என்பதால் கிண்ணத்தைவிடத் தட்டையான இடத்தில் துணிச்சல் அதிகம். ஒரு பறவை கற்றுக்கொண்டால் பக்கத்துக் கூண்டுப் பறவைக்கும் பாதி வேலை முடிந்தது. அதனால் முதலில் கற்ற பறவையின் கூண்டை மற்றவற்றின் கண்ணில் படும்படி வையுங்கள். இறகு உதிரும் காலம், முட்டை வைத்திருக்கும் காலம், நோயிலிருந்து எழுந்த வாரம், கோடை வெயில், இந்த நாட்களில் தொடங்கவே தொடங்காதீர்கள். நாங்கள் முதலில் தொடங்கியது இவற்றில் இரண்டுக்குள் அடங்கும்.

காக்டெயில்கள் மாவு தூவிய தினையை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டன. பெரியது எப்போதும் வீட்டார் தட்டில் இருப்பதைத்தான் கேட்கும். நம் பக்கத்து வீடுகளில் தட்டில் இருப்பது களி. உப்புப் போடாத கேழ்வரகுக் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பெல்லட் தூளில் புரட்டிக் கையிலிருந்து கொடுத்தோம். முதல் நாளே தின்றது. பத்து நாளில் தூளுக்குப் பதில் உடைந்த துண்டுகள், இன்னொரு வாரத்தில் களியைக் குறைத்து முழு பெல்லட். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு, ஆகவே இது வெறும் ஏமாற்று வேலையும் இல்லை. மீதி வரும் களியை உடனே எடுத்துவிட வேண்டும், கூண்டுக் கம்பியில் காய்ந்தால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எவ்வளவு வாங்குவது என்பதில் ஒரு கணக்கு. இரண்டு பட்ஜிகள், பாதித் தீனி பெல்லட் என்றால் நாளொன்றுக்கு ஏழெட்டு கிராம் செலவாகும். ஒரு கிலோ பாக்கெட் நான்கு மாதத்துக்கு மேல் வரும். பிரித்த பாக்கெட் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தீர வேண்டும், வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வைட்டமின் ஏ போய்விடும், கொழுப்பு சிக்கெடுக்கும். பெரிய பாக்கெட் கிலோக் கணக்கில் மலிவுதான், பாதியை எறிந்தால் மலிவு எங்கே? பறவை வளர்க்கும் இன்னொரு வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். அல்லது பிரித்த அன்றே சிறு பைகளில் காற்றை வெளியேற்றி அடைத்து ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுக்கலாம். எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சமையலறை அலமாரி ஓசூர்க் குளிருக்குத் தாங்கும், தருமபுரி, அரூர் வெயிலுக்குத் தாங்காது. பெல்லட் தின்னும் பறவை தண்ணீரும் அதிகம் குடிக்கும். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு இருப்பது ஊரறிந்தது, வீட்டார் குடிக்கும் ஒகேனக்கல் குடிநீரையே பறவைக்கும் வைக்கிறோம்.

முழுக்க பெல்லட் மட்டும் என்பது பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் தேவையில்லை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். புல் விதை தின்று வாழ்ந்த இனங்கள் அவை. இப்போது பெல்லட் ஏறக்குறைய பாதி, மாலையில் ஒரு தேக்கரண்டி உமியுள்ள தினையோ சாமையோ, மீதி கீரை, காய். சாமை பென்னாகரம் பக்கமிருந்து வருவது. கடையில் விற்கும் சாமை அரிசி உமி நீக்கியது, அது வேண்டாம், உமியோடு கேட்டு வாங்க வேண்டும். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கம்பியில் தொங்கவிட்டால் தொங்கித் தொங்கித் தின்னும். துருவிய கேரட், பூசணி, கொத்தமல்லி, மாம்பழக் காலத்தில் தோல் சீவிய ஒரு துண்டு. தோலில் மருந்து அடித்திருப்பார்கள். அவகேடோ, சாக்லேட், வெங்காயம், உப்புப் பண்டம் கூண்டுப் பக்கமே போகக் கூடாது.

ஐந்தில் நான்கு பறவைகள் பதினான்கு வாரத்துக்குள் பெல்லட்டுக்கு வந்துவிட்டன. வராதது அந்தப் பச்சை ஆண், எந்தப் பறவைக்காக இதையெல்லாம் தொடங்கினோமோ அதே பறவை. மாவைத் துப்பியது, கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சியது, களியைக் கம்பியில் தேய்த்துவிட்டது. இரண்டு தடவை எடை 32-ஐத் தொட்டதும் விட்டுவிட்டோம். மருத்துவர் சொன்ன அளவில் தண்ணீரில் அயோடின், தினமும் முருங்கைக்கீரை, சூரியகாந்தி விதை அறவே இல்லை. பெல்லட் தின்னாததால் அதற்கு மட்டும் வைட்டமின் தூள் உண்டு, அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான். ஆகவே அது தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். "டிக் டிக்" சத்தம் நின்றுவிட்டது. இன்று காலை எடை 35.6.